ஆகஸ்ட் 1-க்கு நகரும் கோடு: உங்கள் பிள்ளை இனி எந்த அணி?

"அக்டோபரில் பிறந்த பையன். ஒரு வருஷம் யு-12 (12 வயதுக்குட்பட்டோர் பிரிவு) ஆடி முடிச்சாச்சு. திரும்பவும் யு-12-ன்னு சொல்றாங்க. சரியா ஆடலைன்னு இறக்கிட்டாங்களா?" டெக்சாஸில் சிறுவர் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். முழங்கால் வலிக்காக வரும் பெற்றோர்கூட இப்போது இந்தக் கேள்வியையும் சேர்த்தே கேட்கிறார்கள். யாரையும் இறக்கவில்லை. சாக்கரில், அதாவது கால்பந்தில், பிறந்த தேதியை வைத்து வயதுப் பிரிவைப் பிரிக்கும் கோடு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் கிளப் சாக்கரில் இதுவரை ஒரே காலண்டர் ஆண்டில், ஜனவரி 1 முதல் டிசம்பர் 31-க்குள், பிறந்தவர்கள் ஒரு பிரிவு. 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் மறு ஆண்டு ஜூலை 31 வரை பிறந்தவர்கள் ஒரு பிரிவு. சிறுவர் சாக்கரை நடத்தும் அமைப்புகளான யுஎஸ் யூத் சாக்கர், யுஎஸ் கிளப் சாக்கர், ஏஒய்எஸ்ஓ மூன்றும் சேர்ந்து எடுத்த முடிவு இது. முதலில் செப்டம்பர் 1 என்று அறிவித்துவிட்டு, 2025 ஜூனில் ஆகஸ்ட் 1 என்று மாற்றினார்கள். அதனால்தான் வாட்ஸப் குழுக்களில் இரண்டு தேதியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேல்மட்ட லீகில் ஆடும் பிள்ளை என்றால் அங்கே எந்தக் கணக்கு என்பதைக் கிளப்பிடமே கேட்டுவிடுங்கள்.

உண்மையில் இது பழைய முறைக்குத் திரும்புவதுதான். பத்தாண்டுகளுக்கு முன்பும் ஆகஸ்ட் 1-தான் கோடு. சர்வதேசப் போட்டிகளின் காலண்டரோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2015-இல் நாட்டின் கால்பந்துச் சம்மேளனமான யுஎஸ் சாக்கர் ஜனவரி 1-ஐ அறிவித்தது, 2017-க்குள் எல்லாரும் மாறினார்கள். தேசிய அணிக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு அது வசதி. பள்ளித் தோழனோடு சனிக்கிழமை பந்து உதைக்க ஆசைப்படும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதனால் என்ன லாபம் என்று அப்போதே நிறையப் பேர் கேட்டார்கள். வகுப்பு ஒன்று, அணி வேறு என்று ஆனது. எட்டாம் வகுப்பில் இருக்கும் நவம்பர் பிள்ளையின் அணித் தோழர்கள் பாதிப்பேர் ஒன்பதாம் வகுப்புக்கு, அதாவது ஹைஸ்கூலுக்கு, போய்விடுவார்கள். ஹைஸ்கூல் சீசன் தொடங்கியதும் அவர்கள் பள்ளி அணிக்கு ஆடுவார்கள், கிளப் அணி கலைந்து நிற்கும், இவனுக்கு ஆட இடமே இருக்காது. ட்ராப்டு பிளேயர் (trapped player, நடுவில் சிக்கிக்கொண்டவர்) என்று சொல்வது இவர்களைத்தான். இந்தச் சிக்கல் இனி பெருமளவு தீரும். அதற்காகவே இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். 2014-இல் பிறந்த எல்லாரும் 2025-26-இல் யு-12. அடுத்த சீசனில் ஜனவரி முதல் ஜூலை வரை பிறந்தவர்கள் வழக்கம்போல யு-13-க்குப் போவார்கள்: பதினொரு பேர் ஆட்டம், பெரிய மைதானம், 5-ஆம் எண் பந்து. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் இன்னொரு வருடம் யு-12: ஒன்பது பேர் ஆட்டம், 4-ஆம் எண் பந்து. இதை இழப்பாக நினைக்காதீர்கள். வளர்ச்சி வேகமெடுக்கப்போகும் வயதில் சிறிய மைதானத்தில் அதிக முறை பந்தைத் தொடுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்லதே.

நம் ஊர்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை ஒரு வயது முன்னதாகவே பள்ளியில் சேர்த்துவிடும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அதே அவசரத்தில் "மேல் பிரிவில் போடுங்கள்" என்று கோச்சிடம் மல்லுக்கு நிற்பவர்களைப் பார்க்கிறேன். உடல் தயாராக இருந்து, பிள்ளையும் விரும்பினால் சரி. பெருமைக்காக வேண்டாம். பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்பது யுஎஸ் சாக்கரின் விதி. மேல் பிரிவில் ஆடினாலும் அந்தத் தலையின் வயது பத்துதான்.

ஆனால் இந்த மாற்றம் தீர்க்காத விஷயம் ஒன்று உண்டு, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான். கோட்டை எங்கே போட்டாலும் அதற்குச் சற்றுப் பின் பிறந்தவர் அணியில் மூத்தவர், சற்று முன் பிறந்தவர் கடைக்குட்டி. பத்து வயதில் பதினோரு மாத இடைவெளி சின்னதல்ல. மூத்த பிள்ளை கொஞ்சம் உயரம், கொஞ்சம் வேகம். கோச்சின் கண்ணுக்கு அது திறமையாகத் தெரிகிறது. நல்ல அணி, நல்ல பயிற்சி, அதிக ஆட்ட நேரம் எல்லாம் அவனுக்கே போகிறது. சில வருடங்களில் அவன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ரோஜர் பார்ன்ஸ்லி குழுவினர் 1985-இலேயே இதைக் காட்டினார்கள். பெல்ஜியத்தில் நடந்தது இன்னும் தெளிவு. அங்கே 1997-இல் கால்பந்தின் கோடு ஆகஸ்ட் 1-இலிருந்து ஜனவரி 1-க்கு மாறியது. அதுவரை இளையோர் தேர்வுகளில் ஆகஸ்டை ஒட்டிப் பிறந்தவர்கள் நிறைந்திருந்தார்கள்; மாறியதும் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். வெர்னர் ஹெல்சனும் சகாக்களும் 2000-இல் இதை வெளியிட்டார்கள். திறமை மாதம் பார்த்து இடம் மாறுமா என்ன?

இங்கேயும் அதுவே நடக்கும். இதுவரை மூத்தவர்களாக இருந்த ஜனவரிப் பிள்ளைகள் நடுவில் வருவார்கள். டிசம்பர்ப் பிள்ளைகள் மூச்சு விடுவார்கள். நடுவில் இருந்த ஜூலைப் பிள்ளைகள் கடைசிக்குப் போவார்கள். டெக்சாஸில் பள்ளிச் சேர்க்கைக்கான தேதி செப்டம்பர் 1 என்பதால், ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் ஒரு விசித்திரம்: வகுப்பில் கடைக்குட்டி, சாக்கர் அணியில் மூத்தவர். அணித் தோழர்கள் பெரும்பாலும் ஒரு வகுப்பு கீழே படிப்பார்கள். ட்ராப்டு பிளேயர் சிக்கல் இவர்களைத் தலைகீழாகத் தொடரும்: இவர்கள் ஹைஸ்கூலுக்குப் போகும்போது தோழர்கள் எட்டாம் வகுப்பில் இருப்பார்கள்.

பிறந்த தேதியைவிட உடலின் வயது பெரிய விஷயம். பதின்மூன்று வயதில் ஒருவனுக்கு மீசை, பக்கத்தில் நிற்பவனுக்குக் குழந்தைக் குரல், இரண்டுமே இயல்பு. பெண்களுக்குச் சுமார் 12 வயதிலும், ஆண்களுக்குச் சுமார் 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும். அந்தக் கட்டத்தில் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் வலி வருவது சாதாரணம். நேற்று வரை சரியாக உதைத்தவன் இன்று தடுமாறுவான். அந்த நேரத்தில் ட்ரைஅவுட், அதாவது அணித் தேர்வு, வந்தால் அவன் பாடு திண்டாட்டம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகள், பெற்றோரின் உயரத்தை வைத்துப் பிள்ளையின் கடைசி உயரத்தைக் கணித்து, அதில் எத்தனை சதவீதத்தை எட்டியிருக்கிறான் என்று பார்த்துப் பிரித்தும் சில போட்டிகளை ஆட வைத்திருக்கின்றன. பெல்ஜியம் தாமதமாக வளர்பவர்களுக்கென்றே தனி இளையோர் அணி வைத்திருக்கிறது. நம் பக்கத்துக் கிளப்பில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

வீட்டில் செய்யக்கூடியது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரோடு நிற்க வைத்து உயரத்தைக் குறித்து வைப்பது. திடீரென்று கூடினால் கோச்சிடம் சொல்லி, ஓட்டத்தையும் குதிப்பையும் சில வாரம் குறையுங்கள். வலியோடு ஆட வைக்காதீர்கள். நொண்டினாலோ, இரவில் வலித்தாலோ, ஒரு காலில் மட்டும் வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ட்ரைஅவுட் முடிந்து இரண்டாம் அணி என்று வந்தால், "ஏன் எடுக்கவில்லை" என்று சண்டைக்குப் போகாமல், "பந்தோடு என்ன செய்கிறான், எதில் பின்தங்கியிருக்கிறான்" என்று கேளுங்கள். "சின்னதா இருக்கான்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், வேறு கிளப் பார்க்கலாம்.