மதியம் மட்டும் மக்கர் செய்யும் ஃபஸ் பெடல்

குளச்சலில் கிட்டார் வாசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ஃபஸ் ஃபேஸ் பெடல் என்னிடம் இருக்கிறது. ஊர்த் திருவிழா மேடையில் மதியம் ஒத்திகை பார்த்தால் சத்தம் விட்டு விட்டு வருகிறது. ராத்திரி கச்சேரியில் அதே பெடல் அருமையாகப் பேசுகிறது. கண்ணு பட்டிருக்கும் என்கிறார்கள். என்ன கோளாறு?"

ஃபஸ் பெடல் என்பது கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் அழுத்தும் பெட்டி. மதியம், ராத்திரி என்று அவரே பிரித்துச் சொன்னதில் பாதி விடை வந்துவிட்டது.

முதலில் வழக்கமான சந்தேகங்களை முடித்துவிடலாம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அந்த உப்புநீர் உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற கடற்கரை மாவட்டம் நம்முடையது. அதனால் ஜாக், சுவிட்ச், பாட்டரி கிளிப் எல்லாவற்றையும் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். புது 9 வோல்ட் பாட்டரி போடுங்கள். பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை, முனை மாறாமல் பார்த்து, மாற்றிவிடுங்கள். ஆனால் துருவுக்கும் காய்ந்த கெப்பாசிட்டருக்கும் பகல் இரவு தெரியாது. மதியத்தில் மட்டும் வரும் கோளாறு என்றால் வெப்பத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஃபஸ் ஃபேஸ் 1966இல் லண்டனில் விற்பனைக்கு வந்தது. புகழ்பெற்ற அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் இருந்து புகழ்பெற்ற பெட்டி அது. உள்ளே சிக்னலைப் பெருக்க இரண்டே டிரான்சிஸ்டர்கள். பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று கால்கள். ஆரம்பகாலப் பெடல்களில் இரண்டும் ஜெர்மானியம். பிளஸ் டூவில் டயோடுக்கு ஜெர்மானியம் என்றால் 0.3 வோல்ட், சிலிக்கான் என்றால் 0.7 வோல்ட் என்று படித்தோமே, அந்த 0.3காரர்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். படிகத்தில் அணுக்களின் பிணைப்பில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கக் குறிப்பிட்ட ஆற்றல் தேவை. சிலிக்கானில் அது 1.12 எலக்ட்ரான்வோல்ட், ஜெர்மானியத்தில் 0.67தான். வெப்பத்தால் அணுக்கள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வில் அவ்வப்போது ஒரு பிணைப்பு அறுந்து, ஓர் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான ஒரு துளையும் பிறக்கும். தேவையான ஆற்றல் கொஞ்சம் குறைந்தாலே இது நடக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடிவிடும். அறை வெப்பத்தில் சுத்தமான ஜெர்மானியத்தில் இப்படிப் பிறக்கும் எலக்ட்ரான்கள் சிலிக்கானைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். யாரும் கூப்பிடாமலே அவை கலெக்டர் சந்தியைத் தாண்டி ஓடுவதைத்தான் கசிவு மின்னோட்டம் என்கிறோம்.

கசிவு பேஸ் பகுதி வழியாகப் போவதால், டிரான்சிஸ்டர் அதையும் சிக்னல் என்று நினைத்துப் பெருக்கிவிடுகிறது. 25 டிகிரியில் 1 மைக்ரோஆம்பியர் கசிகிறது, பெருக்கம் 80 என்று வையுங்கள். மொத்தம் சுமார் 80 மைக்ரோஆம்பியர். ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கசிவு இரட்டிக்கும். வெயிலில் கிடக்கும் உலோகப் பெட்டி 45 டிகிரியைத் தொட்டால் அந்த மொத்தம் 320. ஆனால் முதல் டிரான்சிஸ்டரின் 33 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக வரக்கூடியதே சுமார் 250தான்! அத்தனையையும் கசிவே பிடித்துக்கொள்ள, இரண்டாவது டிரான்சிஸ்டர் பட்டினி கிடக்கிறது. அதன் கலெக்டரில் 4.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டிய மின்னழுத்தம் 7, 8 என்று ஏறுகிறது. அலை ஒரு பக்கம் மேலே முட்டிக்கொள்ள, மெல்லிய ஸ்வரங்கள் அறுந்துபோகின்றன.

இதைக் கண்ணால் பார்க்கலாம். மல்டிமீட்டரை இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் தரைக்கும் (சுற்றின் பொது இணைப்புக்கும்) இடையே வையுங்கள். பெடல் மக்கர் செய்யும் நேரத்தில், ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி முதல் டிரான்சிஸ்டரின் உலோகத் தொப்பியில் தொடுங்கள், ஈரம் படாமல். மீட்டர் 4.5ஐ நோக்கி இறங்கினால் குற்றவாளி அகப்பட்டது. கண்ணேறு ஐஸுக்குப் பணிவதில்லை. ஆம்ப்ளிஃபயரில் எலுமிச்சம்பழம் கட்டுகிற ஊரில் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் பிள்ளைகள் கையால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில நூறு ரூபாய் மீட்டர்தான். ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் மனம் வேகிறது.

சரி, பழுது பார்ப்பது எப்படி? கசிவு குறைந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைத் தேடி முதல் இடத்தில் போடுங்கள். இதுவே நிரந்தரத் தீர்வு. அதுவரை இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் உள்ள 8.2 கிலோஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 20 கிலோஓம் டிரிம்பாட் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) வைத்து, மேடையில் நிற்கும் நேரத்து வெப்பத்துக்கு ஏற்ப 4.5 வோல்ட்டைத் திருகிக்கொள்ளலாம். ஜெர்மானியம் வடிவத்தில் பாட்டரியின் பாசிட்டிவ்தான் தரை. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சேர்த்தால் ஷார்ட் ஆகும். சால்டர் வைக்கும்போது டிரான்சிஸ்டர் காலைக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள், சூடு குறடுக்குப் போய்விடும். அதைவிட, சாக்கெட்டை மட்டும் சால்டர் செய்துவிட்டு, டிரான்சிஸ்டரைப் பிறகு செருகுவது நல்லது.