பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி

குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1ஆம் தேதி. அதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் வேலூர் வட்டாரத்தில் டிசைன் வேலை பார்ப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. பேனர், நோட்டீஸ், விழா மலர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். அப்படி ஒரு நாளில் தெரு விழாக் குழுவிலிருந்து ஒரு தம்பி பென்டிரைவோடு வந்தார். உள்ளே 36 பக்க மலர், பிடிஎஃப் கோப்பாக. "ணா, பதினேழாம் பக்கத்துல ஒரு வரி மட்டும் மாத்தணும். பால்குட ஊர்வலம்னு இருக்கு, அதைப் பூங்கரக ஊர்வலம்னு ஆக்கணும். ரெண்டு நிமிஷ வேலைதானே?"

கம்போஸ் செய்த மூலக் கோப்பு எங்கே என்று கேட்டேன். அதைச் செய்தவர் ஊரில் இல்லை, கம்ப்யூட்டரும் அவரோடு போய்விட்டது. சரி, பிடிஎஃப்பையே திறந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் ஏன் ஒன்றரை மணி நேரம் ஆனது என்பதைச் சொல்ல, அந்தக் கோப்புக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

அடோபி நிறுவனம் 1993இல் பிடிஎஃப்பை வெளியிட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எந்தப் பிரிண்டரில் போட்டாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு திருத்த வசதியாக இருக்க வேண்டும் என்பது அந்த நோக்கத்தில் இல்லை. 2008இல் அது ஐஎஸ்ஓ தரமானபோதும் இந்தக் குணம் மாறவில்லை.

பழைய பாணியில் எழுதப்பட்ட ஒரு பிடிஎஃப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பகுதி சுருக்கி வைத்த தரவு, குப்பை போலத் தெரியும். இடையிடையே எண் போட்ட துண்டுகள் இருக்கும். கடைசிக்குப் போனால் ஒழுங்கான ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரியும் மிகச் சரியாக 20 பைட்: பத்து இலக்கத்தில் ஓர் எண், ஐந்து இலக்கத்தில் இன்னொன்று, ஓர் எழுத்து. அந்தப் பத்து இலக்க எண்தான் 'இந்தத் துண்டு கோப்பின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பைட்டில் இருக்கிறது' என்ற முகவரி. பிடிஎஃப்பைத் திறக்கும் மென்பொருள் முதலில் கோப்பின் வாலைத்தான் பார்க்கும். அங்கே அட்டவணை இருக்கும் இடம் எழுதியிருக்கும். அட்டவணையிலிருந்து மூலத் துண்டு, அதிலிருந்து பக்கங்களின் மரம் (பக்கங்களை வரிசையாகக் கிளை பிரித்துக் காட்டும் பட்டியல்), மரத்தின் கிளையிலிருந்து பக்கம். 19ஆவது பக்கம் வேண்டுமென்றால் மற்ற 35 பக்கங்களையும் படிக்காமல் நேராக அங்கே போய்விடலாம். (நோட்பேடில் ஓர் எழுத்தைச் சேர்த்துச் சேமித்தால் முகவரி எல்லாம் தள்ளிப்போய்விடும். விளையாடிப் பார்க்கிறவர்கள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

19 என்று சொன்னேன், கவனித்தீர்களா? தம்பி சொன்னது 17. அது தாளின் அடியில் அச்சான எண். முன்னட்டை, அதன் உள்பக்கம் என்று இரண்டு பக்கங்கள் எண் இல்லாமல் முன்னால் நிற்கின்றன. இம்போர்ட் செய்யும்போது, அதாவது கோப்பை டிசைன் மென்பொருளுக்குள் எடுக்கும்போது, அது கேட்பது, மரத்தில் எத்தனையாவது பக்கம் என்பதைத்தான். 17 என்று கொடுத்தால் நகைக்கடை விளம்பரம் வந்து நிற்கும். எனக்கும் வந்து நின்றது.

பல பக்கக் கோப்பை உள்ளே எடுப்பதில் டிசைன் மென்பொருள்களுக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. அவற்றில் பலவும் ஒற்றைத் தாளை மனதில் வைத்துப் பிறந்தவை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் சொந்தக் கோப்பு வடிவமான எஸ்விஜியில் பக்கம் என்ற கருத்தே இல்லை; இருப்பது ஒரே ஓவியப் பரப்பு. அதனால் நெடுநாள் அதில் ஒரு பிடிஎஃப்பிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் எடுக்க முடிந்தது. 2022இல் வந்த 1.2 பதிப்பில்தான் பல பக்கங்கள் வந்தன. அதுவும் எப்படி? பெரிய பரப்பின் மேல் 'இங்கிருந்து இதுவரை ஒரு பக்கம்' என்று தன் சொந்தக் குறிப்பை எழுதி வைத்துக்கொள்கிறது. அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் 2008இல் ஒரே கோப்பில் பல ஆர்ட்போர்டுகளை (தனித்தனித் தாள் போன்ற பரப்புகளை) அனுமதித்தது. பல பக்க பிடிஎஃப்பை ஒரே மூச்சில் இம்போர்ட் செய்யும் வசதி 2017இல்தான் சேர்ந்தது. கோரல்டிரா என்ற இன்னொரு டிசைன் மென்பொருளுக்குப் பக்கங்கள் பழக்கமானவை. அது கேட்கும் கேள்வி வேறு: எழுத்தை எழுத்தாகவே எடுக்கவா, கர்வாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி எடுக்கவா?

போட்டோஷாப் இந்தக் கேள்வியெல்லாம் கேட்காது. பக்கத்தையே படமாக்கிவிடும். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் எடுத்தால் 2480க்கு 3508, ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல். நான்கு நிற அச்சுக்குப் பிக்சலுக்கு 4 பைட் வீதம் பக்கத்துக்குச் சுமார் 35 எம்பி. 36 பக்கம் என்றால் ஒன்றேகால் ஜிபி. கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் அதைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். திறந்த பிறகும் மாற்ற வேண்டிய அந்த வரி வெறும் படம்தான்.

ஆக, பக்கத்தைப் பிரித்து எடுப்பது சமாளிக்கக்கூடிய காரியம். சிக்கல் எழுத்தில்தான்.

நாம் கண்ணால் பார்க்கும் பத்தி, வரி, சொல் எதுவும் பெரும்பாலான பிடிஎஃப்களில் அந்த ரூபத்தில் இல்லை. இருப்பது வரைவதற்கான கட்டளைகள். 'இந்த ஃபாண்டை எடு. அளவு 24. இடமிருந்து 72, கீழிருந்து 700 புள்ளி தள்ளிப் போய் நில். 14ஆம் எண் உருவத்தைப் போடு. அடுத்து 9ஆம் எண்.' இங்கே புள்ளி என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. ஏ4 தாள் இந்தக் கணக்கில் 595க்கு 842. சொற்களுக்கு நடுவே இடைவெளி என்று ஓர் எழுத்து இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பேனா கொஞ்சம் தள்ளிப் போனால் போதும். இம்போர்ட் செய்யும் மென்பொருள் இந்த எண்களை வைத்து, 'இவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒரே வரியாக இருக்கும்' என்று ஊகித்துத்தான் எழுத்துப் பெட்டிகளை அமைக்கிறது. கறந்த பால் மடி ஏறாது என்பார்களே, கிட்டத்தட்ட அதைத்தான் மென்பொருளிடம் கேட்கிறோம். ஒரு பத்தி இருபது துண்டு வரிகளாக வந்து நிற்பது இதனால்தான்.

தமிழுக்கு இதில் தனி அவஸ்தை இருக்கிறது. 'பொங்கல்' என்று யூனிகோடில் (இன்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறையில்) தட்டினால் நினைவகத்தில் முதலில் ப, பிறகு ஒகரக் குறி. திரையில் வரையும்போது கொம்பு முன்னால் வந்து, ப நடுவில், கால் பின்னால். பிடிஎஃப்பில் பதிவாவது வரைந்த வரிசை. அதைத் திரும்ப எழுத்தாக்கும்போது கொம்பு முதலில் வந்து தனியாக நிற்கும், சொல் உடையும். எந்த உருவம் எந்த எழுத்து என்று சொல்லும் ஒரு பட்டியல் கோப்பிலேயே இருப்பது வழக்கம். ஆனால் வரிசை மாறிய கதை அதற்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், நாம் திட்டித் தீர்க்கும் பாமினி போன்ற பழைய ஃபாண்டுகள் இந்த இடத்தில் தப்பித்துவிடுகின்றன. அவற்றில் 'தமிழ்' என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள், ஓர் அரைப்புள்ளி; மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கும். தட்டும் வரிசையும் வரையும் வரிசையும் ஒன்றே. ஃபாண்ட் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் இம்போர்ட் ஆன சொல் அப்படியே நிற்கும். யூனிகோடே தெரியாத பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பல அச்சகங்கள் இன்னும் விடாமல் இருப்பதை வெறும் பழக்கதோஷம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. கூகுளில் தேடினால் அந்த எழுத்து சிக்காது என்பது வேறு விஷயம்.

தம்பியின் மலர் யூனிகோடில் செய்தது. மாற்ற வேண்டிய வரி ஒரு தலைப்பு; அது மட்டும் ஒரு அலங்கார ஃபாண்ட், அது அந்த ஒரு வரிக்கு மட்டுமே பயன்பட்டிருந்தது. கோப்பைச் சின்னதாக வைக்க, பிடிஎஃப் செய்யும்போது ஃபாண்ட் முழுவதையும் உள்ளே வைப்பதில்லை. பயன்பட்ட உருவங்களை மட்டும் கிள்ளி வைப்பார்கள். 'பால்குட ஊர்வலம்' என்பதில் என்னென்ன இருக்கின்றன? ப, கால், ல், கு, ட, ஊ, ர், வ, ல, ம். 'பூங்கரக' என்று மாற்ற பூ வேண்டும், இல்லை. ங வேண்டும், இல்லை. க இருக்குமே என்று நினைத்தேன். அதுவும் இல்லை! தமிழ் ஃபாண்டில் கு ஒரே உருவம். அதற்குள்ளிருந்து க-வைப் பிரித்து எடுக்க முடியாது. ஆங்கிலத் தலைப்பாக இருந்தால் இருக்கும் எழுத்துகளில் பாதியாவது உதவியிருக்கும்.

"அந்த ஃபாண்ட் உங்ககிட்ட இல்லையாண்ணா?" என்றார். இல்லை. பெயர்கூட கோப்பில் பாதிதான் புரிந்தது.

கடைசியில் செய்தது இதுதான். மொத்த மலரையும் உடைக்காமல் 19ஆவது பக்கத்தை மட்டும் இங்க்ஸ்கேப்பில், எழுத்தெல்லாம் கர்வாக மாறும்படி எடுத்தேன். கர்வான பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. ஆனால் எதுவும் உடையவும் உடையாது. பழைய தலைப்பை அழித்து, கிட்டத்தட்ட அதே சாயலில் இருந்த வேறொரு ஃபாண்டில் புதிதாகப் போட்டு, அதையும் கர்வாக்கி, ஒரு பக்க பிடிஎஃப்பாக வெளியே எடுத்தேன். 36 பக்கத்தையும் உள்ளே இழுத்துத் திரும்ப வெளியே தள்ளியிருந்தால், எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு முறை சேமித்திருந்த அம்மன் படம் பக்கத்துக்கு ஒன்றாகப் பெருகியிருக்கவும் கூடும். அப்புறம் பிடிஎஃப் திருத்தும் கருவியில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி வைத்தேன்.

தம்பி போன பிறகு ஆர்வத்தில் புதிய கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். வெறும் 'சேவ்' மட்டும் கொடுத்திருந்ததால், கருவி பழையதை அழிக்காமல் புதிய பக்கத்தையும் புதிய அட்டவணையையும் வாலில் ஒட்டியிருந்தது. நடுவில் எங்கோ பழைய 19ஆவது பக்கம் அதே எண்ணோடு கிடந்தது, பால்குட ஊர்வலத்தோடு.