துளிர் கண்ட ஆலிவ் கட்டையைச் சாகவிடாதீர்கள்

தோண்டியெடுத்த ஆலிவ் மரத்தைப் போன்சாயாக வளர்க்கத் தொடங்கும் பலர், மூன்றாம் மாதத்தில் ஒரே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். "நன்றாகத் துளிர்த்தது ஐயா, விரல் நீளத்துக்கு வளர்ந்தது. திடீரென்று ஒரே வாரத்தில் எல்லாம் கருகிவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்?"

சென்ற ஆண்டு ஒரு பெண்மணி அப்படித்தான் தன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். துளிரைக் கண்ட மகிழ்ச்சியில், ஈரம் காக்கக் கட்டையை மூடியிருந்த பாலித்தீன் பையை அன்றே கழற்றி, நல்ல வெயிலில் வைத்து, உரமும் போட்டிருக்கிறார். தேவையில்லை என்று தோன்றிய துளிர்களைக் கிள்ளியும் எறிந்திருக்கிறார். மரத்தின் மேல் அன்பு இல்லாதவர் இதையெல்லாம் செய்ய மாட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆலிவ் மரத்தின் தூரில் முண்டு முண்டாகப் புடைப்புகள் இருக்கும். உறங்கும் மொட்டுகளும் சேமித்த உணவும் அவற்றில் உண்டு. இலை, கிளை, வேர் என எல்லாவற்றையும் இழந்த கட்டைகூட அதைக் கொண்டு துளிர்த்துவிடும். கி.மு. 480இல் பாரசீகர்கள் ஏதென்ஸ் கோட்டைக்குன்றை எரித்தபோது அங்கிருந்த ஆலிவ் மரமும் கருகியது. மறுநாளே அதன் அடிக்கட்டையிலிருந்து ஒரு முழ நீளத் துளிர் வந்தது என்பது கிரேக்கர்களின் பழங்கதை. ஒரே நாளில் ஒரு முழம் என்பதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்த மரத்தை நன்கு அறிந்தவர்கள் சொன்ன கதை அது.

அந்த ஆற்றல்தான் நம்மை ஏமாற்றுகிறது. முதலில் வரும் துளிர்கள் பழைய சேமிப்பைத் தின்று வளர்பவை. புது வேர் பெரும்பாலும் அதற்குப் பிறகே இறங்கும். இடைப்பட்ட வாரங்களில் இலைகள் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கீழிருந்து அதை ஈடுகட்ட வேர் இருக்காது. பைக்குள் ஈரக்காற்று இருக்கும்வரை மரம் தாக்குப்பிடிக்கும். பையை எடுத்துவிட்டால் சில நாட்களில் இலை வாடும். இருக்கும் இலையையும் கிள்ளினால், வேர் விடுவதற்கு வேண்டிய உணவைத் தயாரிக்கும் இடத்தையே அழித்துவிடுகிறோம்.

துளிர் வந்த பின்பும் பையைக் கழற்றாமல் அப்படியே விட்டுவையுங்கள். சில வாரங்கள் கழித்துச் சிறு துளை இடுங்கள். இலை வாடவில்லை என்றால் துளையைப் பெரிதாக்குங்கள். வேர் பிடித்ததற்கு நான் நம்பும் அடையாளம் இரண்டாவது வளர்ச்சி. முதல் துளிர்கள் ஓரளவு வளர்ந்து நின்றுவிடும். பிறகு ஒரு நாள் அதே நுனிகள் புது வேகத்தோடு நீளத் தொடங்கும். தொட்டியின் ஈரமும் முன்பைவிட விரைவாகக் காயும். அதுவரை உரமும் கத்தரியும் வேண்டாம். முக்கியமாக, வேரைப் பார்க்கும் ஆசையில் கட்டையை அசைக்காதீர்கள். தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் நான் அப்படி ஒரு மரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். நூல்போன்ற வெள்ளை வேர்கள் பட்பட்டென்று அறுந்த ஒலியை இன்றும் மறக்கவில்லை. அந்த மரம் பிழைக்கவில்லை.

தோண்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறர் நிலத்தில் அனுமதியின்றி ஒரு கட்டையையும் எடுக்காதீர்கள். ஆலிவ் இயற்கையாக வளரும் மத்தியதரைக்கடல் பகுதியின் பல இடங்களில் பழைய மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பழந்தோப்பை அழித்து மறுநடவு செய்யும் இடத்தில், எப்படியும் வெட்டப்படவிருக்கும் மரத்தைக் கேட்டு வாங்குவதே நல்ல வழி. எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இத்தாலியின் தெற்கே புலியா பகுதியில் 2013இல் கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா, ஆலிவ் மரங்களின் நீர்க்குழாய்களை அடைத்துத் தோப்பு தோப்பாக அழித்தது. சாறு உறிஞ்சும் ஒருவகைப் பூச்சி அதைப் பரப்புகிறது. தொற்றிய மரம் பல மாதங்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். காரில் போட்டு எல்லை தாண்டிக் கொண்டுவரும் ஒரு கட்டை ஓர் ஊரின் தோப்புகளுக்கே எமனாகலாம். ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் செடிகளின் போக்குவரத்துக்குக் கடும் விதிகள் வைத்திருப்பதை வீண் கெடுபிடி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

குளிர்காலம் முடிந்து மொட்டு பருக்கத் தொடங்கும் நேரம் தோண்டுவதற்கு ஏற்றது. பருத்த வேர்களை ரம்பத்தால் தட்டையாக அறுத்து, அடிமரத்தை ஒட்டிய சல்லி வேர்களைக் காப்பாற்றுங்கள். பின்னாளில் ஆழமில்லாத தொட்டியில் அமர வேண்டிய மரம் இது. அடியைத் தட்டையாக்க இதைவிட நல்ல தருணம் வராது. கிளைகளை மட்டும் நினைத்ததைவிடச் சற்று நீளமாகவே விட்டு வெட்டுங்கள், வெட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் பின்னோக்கிக் காயும். பழைய மண்ணை முழுக்கக் கழுவிவிடுங்கள், வாடல் நோய்ப் பூஞ்சை அந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடும். ஒவ்வொரு மரத்துக்கும் முன் ரம்பத்தையும் கத்தரியையும் ஆல்கஹாலால் துடையுங்கள். கிளைகளில் கழலைகளை உண்டாக்கும் பாக்டீரியா காயங்கள் வழியாகத்தான் நுழைகிறது.

நடுவதற்குப் பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல் அல்லது பெர்லைட் என்ற பொரித்த எரிமலைக்கல் போல நீர் தேங்காத கலவை போதும். கட்டை ஆடாதபடி தொட்டியோடு கம்பியால் இறுகக் கட்டுங்கள். ஒருமுறை நிறைய ஊற்றி வடியவிட்டு, பையால் மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். இலையில்லாத கட்டை அதிகம் குடிக்காது. தினமும் ஊற்றினால் அழுகும். ஒன்றிரண்டு மாதங்களில் மொட்டு தெரியலாம், ஒரு கோடையே கடந்தும் போகலாம். பொறுக்க முடியாவிட்டால் ஓரிடத்தில் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

ஆலிவில் நான் மிகவும் நேசிப்பது அதன் உயிர்க்கோடுகளை. ஒவ்வொரு பெரிய வேரும் தனக்கு நேர் மேலேயுள்ள பட்டைப் பகுதிக்கே பெரும்பாலும் நீர் அனுப்புகிறது. ஒரு வேர் செத்தால், அதன் மேலே அடிமரம் நெடுக ஒரு பட்டை காயும். பக்கத்துக் கோடு தொடர்ந்து பருக்கும். முதிய ஆலிவின் முறுக்கேறிய தோற்றம் இப்படித்தான் பிறக்கிறது. ஒரு பக்கம் காய்ந்தது என்று கலங்க வேண்டாம், அந்த வெண்கட்டை நாளை உங்கள் மரத்தின் அழகாகலாம். ஆனால் அதைச் செதுக்க முதல் இரண்டு ஆண்டுகள் உளியை எடுக்காதீர்கள். எந்தக் கோடு வாழும் என்பதை மரமே இன்னும் முடிவு செய்திருக்காது. என் மாணவர் ஒருவர் இரண்டாம் மாதமே அருமையாக ஒரு குடைவு செதுக்கினார். அந்தக் கோட்டுக்கு மேலிருந்த துளிர்கள் மட்டும் வரிசையாக வாடின.

கிளையை வளைத்து வடிவமைக்கக் கம்பி சுற்றுவதற்கும் அவசரம் கூடாது. முதிர்ந்த கட்டையிலிருந்து வந்த இளந்துளிர், பிறந்த இடத்தில் வலுவில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், வளைக்கும்போது அடியோடு பெயர்ந்துவிடும். அடி சற்றுத் தடிக்கட்டும். வளைக்கையில் அந்த மூட்டை ஒரு விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். மிகவும் முற்றவிட்டாலும் வளையாமல் முறியும். போன்சாய்த் தொட்டிக்கு மாற்றுவதெல்லாம் கிளைகள் உருவாகி, வேர் நிறைந்த பிறகு, சில ஆண்டுகள் கழித்து.

அந்தப் பெண்மணியின் கட்டையைச் சுரண்டிப் பார்த்தோம். கருகிய துளிர்களுக்குக் கீழே, ஒரு பக்கத்தில் மட்டும் பச்சை இருந்தது. மறுபடி பையிட்டு மூடிக் கொடுத்தனுப்பினேன். ஏழாவது வாரம் ஒரு படம் அனுப்பினார், தூரின் பின்புறம் மிளகளவு இரண்டு மொட்டுகள். "வேர் விட்டிருக்குமா, லேசாகப் பார்க்கலாமா ஐயா?" என்று கேட்டிருந்தார். அடுத்த இளவேனில் வரை தொடவே வேண்டாம் அம்மா என்று எழுதினேன்.