செல் சிக்னலிங்: இதற்குத் தமிழில் என்ன பெயர்?

திருமங்கலத்து மாமா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். மேசைமேல் ஒரு கருத்தரங்க அழைப்பிதழ் கிடந்தது. 'இதயம், ரத்தக்குழாய், சிறுநீரக நோய்களில் செல் சிக்னலிங்' என்று தமிழ் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தவர், "ஏன் மாப்ள, செல்போன் டவரால கிட்னியும் போகுதாமா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு அவருடையதில்லை. காளவாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரிடம் 'செல் சிக்னல்' என்று சொன்னாலும் கையிலிருக்கும் போனைத்தான் பார்ப்பார்கள். உடம்பின் நுண்ணிய செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்வதைத்தான் அந்த ஆங்கிலச் சொல் குறிக்கிறது. அழைப்பிதழ் அடித்தவர்கள் அதை அப்படியே எழுத்துமாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் 'செல்'. தமிழில் இது ஏற்கெனவே வேலை நிறைந்த சொல். 'போ' என்கிற ஏவல் ஒன்று. கறையானுக்கும் செல் என்று பெயர் உண்டு. பழைய ஏடு செல்லரித்துப்போச்சு என்கிறோமே, அந்தச் செல். ஆங்கிலத்திலிருந்து வந்த செல்லுக்கு மூலம் சிற்றறை என்று பொருள்படும் 'செல்லா' என்ற லத்தீன் சொல். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அடுக்கடுக்காகத் தெரிந்த அறைகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். செல்போனுக்கும் தாய் அதே சொல்தான். ஊரைச் சிறுசிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் செல் என்று அழைத்தார்கள். ஆக மாமாவின் குழப்பத்துக்கு ஒரு வம்சாவளியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை உயிரணு என்கிறோம். ஈழத்தில் கலம் என்கிறார்கள், அழகான சொல். ஆனால் ரத்தக்குழாயை அவர்கள் குருதிக்கலன் என்பதால், இந்த விஷயத்தைப் பேசும்போது கலமும் கலனும் முட்டிக்கொள்ளும். நான் உயிரணுவோடு நிற்கிறேன்.

சிக்கல் 'சிக்னல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. லத்தீனில் 'சிக்னும்' என்றால் அடையாளம். ரோமானியப் படையின் கொடிக்கம்பத்துக்கும் அதுவே பெயர். தமிழில் இதற்கு நாலைந்து சொற்கள் போட்டிக்கு நிற்கின்றன. சமிக்ஞை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வடமொழியின் 'சம்ஞா'விலிருந்து வந்தது. வாயில் நுழைவதற்குள் கரண்ட் போய்விடும். சைகை என்றால் கை வேண்டும். ரயில் பாதை ஓரம் நின்ற இரும்புக் கம்பத்தை ஊர்ப்பக்கம் கைகாட்டி மரம் என்பார்கள், எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் அதற்கும் கை வேண்டும். மின்னணுவியல்காரர்கள் குறிகை என்கிறார்கள். கம்பியில் ஓடும் அலைக்கு அது சரி.

உடம்புக்குள் நடப்பது வேறு மாதிரி. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை பாய்ந்து வெளியே வருகிற நொடியை நினைத்துப் பாருங்கள். எதிரே நிற்கிற மாடுபிடி வீரரின் ரத்தத்தில் அட்ரினலின் ஏறுகிறது. இதயம் அதை வாங்கிக்கொண்டு வேகமாக அடிக்கிறது. தோலில் இருக்கும் ரத்தக்குழாய் அதையே வாங்கிக்கொண்டு சுருங்குகிறது. தொடைத் தசையின் குழாயோ விரிகிறது. சிறுநீரகத்தில் ஒரு கூட்டம் உயிரணுக்கள் ரெனின் என்ற நொதியைச் சுரக்கின்றன. வந்த பொருள் ஒன்று, எடுத்துக்கொண்ட அர்த்தம் நாலு. அது எந்த உயிரணு, அதன் மேற்பரப்பில் எந்த வகை ஏற்பி (குறிப்பை வாங்கும் புரதம்) இருக்கிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது.

இப்படி, வாங்குகிறவரிடம் போய்த்தான் பொருள் முழுமையாகிற ஒன்றுக்குத் தமிழில் பழைய பெயர் குறிப்பு. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு, 71ஆவதும் 110ஆவதும். ஒன்று அரசவைக்கு, மற்றது காதலுக்கு. இரண்டிலும் பேச்சு குறிப்பு காட்டுகிறவரைவிட அதை அறிகிறவரைப் பற்றியே அதிகம். அதனால் சிக்னலைக் குறிப்பு என்றும், சிக்னலிங்கைக் குறிப்புணர்த்தல் என்றும் சொல்லலாம் என்பது என் கட்சி. அழைப்பிதழில் 'உயிரணுக் குறிப்புணர்த்தல்' என்று போட்டிருந்தால் மாமாவுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. டவர் மட்டும் நினைவுக்கு வந்திருக்காது.

"சரி, அது கிட்னிக்கு எப்படி வருது?" என்றார் மாமா. அதற்கு மதுரைக்காரருக்குத் தெரிந்த கதை ஒன்று கைவசம் இருந்தது.

திருமலை நாயக்கர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் பூசை முடிந்த பிறகுதான் சாப்பிடுவார் என்று சொல்வார்கள். 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற கோயிலில் பூசை முடிந்தது மதுரை அரண்மனைக்குத் தெரிய வேண்டுமே? வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டினாராம். ஒரு மண்டபத்து மணி கேட்டதும் அடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள்.

சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் இடையே ஓடுகிற குறிப்பும் இப்படித்தான். சிறுநீரகத்துக்கு வரும் ரத்த அழுத்தம் குறைந்தால் அது ரெனினை அவிழ்த்துவிடும். 1898இல் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றில் இதைக் கண்டு பெயர் வைத்தார்கள். லத்தீனில் 'ரென்' என்றால் சிறுநீரகம். இது முதல் மணி. கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, 10 அமினோ அமிலம் கொண்ட 'ஆஞ்சியோடென்சின்-1' உருவாகும். இரண்டாம் மணி. முக்கியமாக நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவரில் காத்திருக்கும் ஏஸ் என்ற நொதி அதில் இரண்டைக் கத்தரித்து, 8 உள்ள 'ஆஞ்சியோடென்சின்-2' ஆக்கும். மூன்றாம் மணி. இதைக் கேட்டதும் ரத்தக்குழாய் இறுகும், அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை விடும், சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அழுத்தம் ஏறும். நாயக்கர் மணிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஒரு மணிக்கு ஒரு மணி. இங்கே ஒரு நொதி மூலக்கூறு பல மூலக்கூறுகளை வெட்டித்தள்ளுவதால், போகப்போகச் சத்தம் பெருகும்.

ஆஞ்சியோடென்சின் என்ற பெயரையும் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'ஆங்கேயான்' என்றால் கலன், பானை. அதோடு இறுக்கத்தைக் குறிக்கும் 'டென்ஷன்' சேர்ந்தது. கலனிறுக்கி என்றால் ஈழத்தாருக்கு உடனே விளங்கும். நாம் குழலிறுக்கி என்று வைத்துக்கொள்ளலாம்.

அவசரத்துக்கு அடிக்க வேண்டிய மணி ஆண்டுக்கணக்கில் ஓயாமல் அடித்தால்தான் நோய். இதயத் தசை தடித்து நார்பிடிக்கும். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளிலிருந்து வெளியேறும் குழாய் இறுகுவதால் உள்ளே அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கும். சர்க்கரை நோயாளிக்கு பிரஷர் கொஞ்சமே கூடியிருந்தாலும், சிறுநீரில் புரதம் போனால் மருத்துவர் இந்த மணியோசையை அடக்குகிற மாத்திரையைத் தேடுவது இதனால்தான்.

எதிர்க்குறிப்பும் உண்டு. 1981இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்டும் கூட்டாளிகளும் எலிகளுக்கு இதய மேலறைச் சாற்றை ஊசிபோட்டபோது, அவை உப்பையும் நீரையும் சிறுநீரில் கொட்டித் தீர்த்தன. வெறும் பம்பு என்று நினைத்திருந்த இதயம் சிறுநீரகத்துக்கு 'உப்பை இறக்கு' என்று குறிப்பு அனுப்புகிறது! இன்று இதயச் செயலிழப்புக்கு எடுக்கிற பி.என்.பி. ரத்தப் பரிசோதனை இதே குடும்பத்து ஹார்மோனைத்தான் அளக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவரும் சும்மா இருப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவால் பக்கத்துத் தசையைத் தளர்த்துகிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கடைசியில் தருவதும் அந்த வாயுவைத்தான். மாத்திரை வந்து நூறு ஆண்டுக்குப் பிறகே காரணம் தெரிந்தது. கண்டுபிடித்தவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மாமா சட்டைப்பையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். டெல்மிசார்டன். "இது எந்த மணிய நிறுத்துது?"

எதையும் நிறுத்துவதில்லை என்றேன். மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும், கேட்கிறவர் காதை இது பொத்திவிடும். 'சார்டன்' என்று முடிகிற மாத்திரைகள் எல்லாம் ஏற்பியில் போய் உட்கார்ந்து, குழலிறுக்கிக்கு இடம் தராதவை. 'ப்ரில்' என்று முடிகிற எனலாப்ரில், ராமிப்ரில் வகைதான் நடு மண்டபத்து ஆளை, அதாவது ஏஸ் நொதியைக் கட்டிப்போடுபவை. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்த குடும்பம் அது. அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதியைக் கட்டிப்போட்டால் பிராடிகைனின் தேங்கி, சிலருக்கு வறட்டு இருமல் வரும்.

மாமா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடப்பாவி, போன வருசம் மூணு மாசம் இருமிக்கிட்டே கெடந்தேன். தூதுவளை ரசமா வச்சுக் குடுத்தா உங்க அத்தை. டாக்டர் மாத்திரைய மாத்தி எழுதுனதும் நின்னுருச்சு. நான் ரசத்துக்குத்தான் நின்னுச்சுன்னுல்ல அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."