புழுவுக்கு என்ன சாப்பாடு?

"டாக்டர், இவனுக்குச் சாப்பாட்டில் குறையே வைத்ததில்லை. தினமும் இருபது புழு."

பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லியோடு வந்த ஓர் இளைஞர் சொன்னது. அதன் கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்தினேன்; ரப்பர் மாதிரி வளைந்தது. எக்ஸ்ரேயில் கால் எலும்புகள் மங்கலாகத்தான் தெரிந்தன.

"சரி, அந்தப் புழுவுக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றும் கொடுப்பதில்லையாம். கடை டப்பாவிலேயே, தவிட்டோடு, வாரக்கணக்கில் கிடக்குமாம்.

பல்லி இனங்களின் உணவில் பாஸ்பரஸைப்போல இரண்டு மடங்கு கால்சியம் இருப்பது நல்லது. மீல்வார்ம் புழுவில் கணக்கு தலைகீழ்: கால்சியத்தைப்போல 10 மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ். சுவர்க்கோழியும் இதில் பெரிய யோக்கியம் இல்லை. பற்றாக்குறையை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த பிராணி நொண்டுவது இப்படித்தான்.

அதனால் பூச்சியை முதலில் நன்றாகச் சாப்பிட வையுங்கள். பல்லிக்குப் போடுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பிருந்தே, கால்சியம் சேர்த்த தீவனமும் முருங்கைக்கீரையும் கொடுக்கலாம். தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், சுவர்க்கோழி விழுந்து செத்துவிடும். கேரட் துண்டு போதும். முட்டை அட்டைகளை அடுக்கி, வலை மூடி போட்ட டப்பாவில் பூச்சிகளை வையுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் இரண்டே நாளில் நாற்றம் வீட்டைத் தூக்கும்.

அப்புறம், பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிய உடனே போட்டுவிட வேண்டும். விட்டுவைத்தால் பூச்சி தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். கால்சியம் உடம்பில் சேர யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கும் அவசியம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்கு ஈடாகாது.

தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை ராத்திரி கூண்டில் விடாதீர்கள். தூங்கும் பல்லியின் விரலையும் கண்ணிமையையும் அது கடிக்கும். தோட்டத்தில் பிடித்த பூச்சியில் மருந்து அடித்திருக்கலாம். மின்மினி மட்டும் கூடவே கூடாது. பியர்டட் டிராகனைக் கொல்ல ஒன்றே போதும்.

அந்த டிராகனுக்குத் தாடை இறுகிவிட்டது, கோணல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வீட்டு முருங்கைக்கீரையெல்லாம் பூச்சிக்கே போகிறதென்று அம்மா திட்டுகிறாராம்.