பூட்டு திறக்குமா என்று பகடையைக் கேட்போம்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதைசொல்லி, அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடி. "பாதாள அறைக் கதவு பூட்டியிருக்கு. பின்னாடி காவலர்கள் வர்ற சத்தம் கேக்குது. என்ன பண்ணப் போறே?" என்கிறார் கதைசொல்லி. திருடியாக ஆடும் பெண், "கம்பியை விட்டுத் திறந்து பாக்கறேன்" என்கிறாள்.

சரி, திறந்ததா? கதைசொல்லியே முடிவு செய்தால் அது அவர் கதையாகிவிடும். அவளே முடிவு செய்தால் திறக்காத பூட்டே இருக்காது. அதனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் அந்தப் பொறுப்பை இருபது முகப் பகடையிடம் விடுகிறார்கள்.

கணக்கு சுலபம். பூட்டின் கடினம் 15 என்று கதைசொல்லி மனதுக்குள் வைத்துக்கொள்கிறார். திருடியின் கைவேகம் 16. அதற்கு விதிப்படி 3 கூடுதல். பூட்டுத் திறப்பதில் பயிற்சி உண்டு, அதற்கு இன்னொரு 2. ஆக, பகடையில் விழும் எண்ணோடு 5 சேரும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். இருபதில் பதினொரு முகம், அதாவது 55 சதவீத வாய்ப்பு.

பரமபதத்திலும் உருட்டத்தான் செய்கிறோம். ஆனால் அங்கே ஏணியா பாம்பா என்பதில் நமக்கு ஒரு பேச்சும் இல்லை. இங்கே எதை முயல்வது, எப்படி முயல்வது என்பது ஆடுபவர் கையில். தோழன் விளக்கைப் பிடித்து உதவினால், இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளக் கதைசொல்லி அனுமதிக்கலாம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அழகான விதி இது. இரண்டு முறையும் 9-க்குள் விழுந்தால்தான் தோல்வி. 55 சதவீதம் ஏறக்குறைய 80-க்குப் போய்விடும். கும்மிருட்டில் தடவித் திறந்தால் தலைகீழ்: இரண்டில் சிறிய எண்தான் செல்லும், வாய்ப்பு சுமார் 30. கூட்டல் கழித்தல் பட்டியல் எதுவும் வேண்டாம், இன்னொரு முறை உருட்டினால் போதும்.

ஒற்றைப் பகடையில் 1 விழுவதும் 20 விழுவதும் 10 விழுவதும் ஒரே வாய்ப்புதான், 5 சதவீதம். அதனால்தான் கைதேர்ந்த திருடியும் சில நேரம் சொதப்புகிறாள். பாத்திரத்தின் பலம், அறிவு போன்றவற்றை முடிவு செய்யும் பழைய முறையோ வேறு: மூன்று ஆறுமுகப் பகடைகளின் கூட்டல். 10, 11 வர வழிகள் ஏராளம். 18 வர மூன்றிலும் ஆறு விழ வேண்டும், 216-இல் ஒரு முறைதான். பெரும்பாலோர் நடுத்தரம், அபூர்வமாக ஒரு பீமன். பிறவிக்கு ஒரு பகடைக்கணக்கு, செயலுக்கு வேறொன்று என்று பிரித்தது கெட்டிக்காரத்தனம் என்பேன்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்ட விளையாட்டு இது. இருவருமே பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடியவர்கள். படையை விட்டுவிட்டு ஆளுக்கொரு வீரனாக மாறியதுதான் புதுமை. முக்கோணங்கள், சதுரங்கள், ஐங்கோணங்கள் என்று எல்லா முகமும் ஒரே அளவாக அமையும் ஒழுங்கான திண்மங்கள் ஐந்துதான்: 4, 6, 8, 12, 20 முகங்கள். ஐந்துமே மேசைக்கு வந்துவிட்டன. இன்று பெட்டியில் இருக்கும் பத்துமுகப் பகடை அந்தக் குடும்பத்தில் சேராது, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதுவரை இருபது முகப் பகடையிலேயே 0 முதல் 9 வரை இரண்டு முறை எழுதிச் சமாளித்தார்கள்.

புதிதாகக் கதைசொல்ல உட்காருபவர்கள் தடுமாறும் இடம் கணக்கு இல்லை, எதற்கெல்லாம் உருட்டுவது என்பதுதான். படியேறுவதற்கும் சோறு தின்பதற்கும் பகடை கேட்டால் ஆட்டம் நொண்டும். தோற்றால் ஏதாவது நடக்கும் என்ற இடத்தில் மட்டும் கேட்க வேண்டும். திருடிக்கு 4 விழுந்தது என்று வையுங்கள். "திறக்கலை" என்று நிறுத்தினால் கதை அங்கேயே நின்றுபோகும். "கம்பி உள்ளயே முறிஞ்சிடுச்சு, காவலர்கள் படியிறங்கிட்டாங்க" என்றால் அடுத்து என்ன என்று எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் முறை ஆடுபவர் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்புறம் ஆயத்தமாக எழுதிவைத்த ஒரு பாத்திரத் தாள், ஒரு பகடைப் பெட்டி, ஒரு சாயங்காலம். மந்திரவாதியை மட்டும் முதல் தடவை எடுக்காதீர்கள். மந்திரப் பட்டியலைப் படிக்கவே நேரம் போய்விடும். வாள்வீரன் போதும்.