கையால் கருவூட்ட முடியாது, தாதுதான் ஏற்றலாம்

வெனிலாக் கொடியைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் "கையால் கருவூட்டுகிறார்கள்" என்று எழுதுகிறார்கள். இயற்கைப் படங்களின் தமிழ்க் குரலில் தேனீ பூவைக் "கருவுறச் செய்கிறது". கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தேனீ அந்த வேலையைச் செய்வதே இல்லை.

அது ஒரு பூவின் மகரந்தத் தூளை இன்னொரு பூவில் கொண்டுசேர்க்கிறது, அவ்வளவுதான்; பாடப்புத்தகம் இதற்குச் சொல்லித்தருவது மகரந்தச் சேர்க்கை. மகரந்தம் வடசொல், அங்கே அதற்கு முதற்பொருள் பூவின் தேன்; தமிழ் அகராதிகளில் தேன், பூந்தாது இரண்டுமே உண்டு. ஆங்கிலத்தார் வைத்திருக்கும் 'போலன்' இலத்தீனில் நுண்ணிய மாவு. நம்மிடம் தாது என்ற சொல் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. அகநானூற்றின் 4ஆம் பாடலில் "தாதுண் பறவை" மிரண்டுவிடக் கூடாதென்று தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். தாதுவும் வடசொல்தான் என்று யாராவது வருவார்கள், வரட்டும், எனக்குத் தெளிவுதான் முதலில், தூய்மை அப்புறம். வெறும் தாது என்றால் கனிமமும் லேகிய விளம்பரமும் சேர்ந்து நினைவுக்கு வரும் என்பதால் பூந்தாது என்பேன்.

சரி, கருவூட்டலுக்கு வருவோம். பூந்தாது சூல்முடியில், அதாவது பூவின் பெண்ணுறுப்பின் நுனியில், வந்து விழுவது ஒரு நிகழ்ச்சி. அதிலிருந்து குழாய் முளைத்து, நுனிக்குக் கீழுள்ள சூல்தண்டு வழியே இறங்கி, பின்னால் விதையாகப் போகும் சூலுக்குள் இரண்டு ஆண் அணுக்களை விடுவது அதற்குப் பிந்தியது. அங்கே ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது, இன்னொன்று நடுவிலுள்ள உட்கருக்களோடு கூடிக் கருவுக்கு உணவாகும் கருவூணாகிறது. இந்த இரட்டைக் கூடலை 1898இல் ரஷ்யாவின் நவாஷின் கண்டறிந்தார். கருவுறுதல் என்ற சொல்லுக்கு உரிய இடம் இதுதான். (இலங்கையில் கருக்கட்டல் என்பார்கள், எனக்கு அதுவும் பிடிக்கும்.) பூந்தாதையே விந்து என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது விந்தும் இல்லை, விந்தணுக்களை உண்டாக்கிச் சுமந்துபோகும் தனி உடல்.

தாது விழுவதற்கும் கருவுறுவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகும் என்று இவர்கள் யோசித்ததுண்டா? மக்காச்சோளத்தில் ஏறத்தாழ ஒரு நாள். செவ்வோக்கு (red oak) மரங்களில் ஓராண்டுக்கு மேல், குளிர்காலம் முழுக்கக் குழாய் பாதிவழியில் உறங்கிக் கிடக்கும். வெனிலா என்றார்களே, அதற்குக் கைமுறையைக் கண்டுபிடித்த, 1841இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த 12 வயது எட்மண்ட் அல்பியஸ் செய்ததென்ன? சிறு குச்சியால் பூவுக்குள் இருந்த மடலைத் தூக்கி, தாதுத் திரளைச் சூல்முடியில் வைத்து அழுத்தினான். அந்த நேரத்தில் அந்தப் பூவின் சூல்களே முதிர்ந்திருக்காது, கருவுறுதல் நடக்க வாரக்கணக்கில் ஆகும். இல்லாத கருவை எங்கே போய் ஊட்டுவது? கால்நடை மருத்துவத்தில் செயற்கைக் கருவூட்டல் என்று ஒரு சொல் புழங்குகிறது, அதை அப்படியே தூக்கிவந்து பூவின் தலையில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

உண்மையில் மகரந்தச் சேர்க்கையில் வரும் சேர்க்கையும் எனக்கு உறுத்தும். சேர்க்கை என்றதும் ஆண் பெண் கூடலே மனத்தில் வருகிறது, குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். காற்று கொண்டுவந்தாலும் வண்டு கொண்டுவந்தாலும் சூல்முடி ஏற்றுக்கொள்கிறது, ஆகவே தாதேற்பு என்றால் போதும். தன்தாதேற்பு, அயல்தாதேற்பு என்று நீட்டவும் வசதி. பழகிய சொல்லை விட மனமில்லையா, மகரந்தச் சேர்க்கை என்றே எழுதிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். கருவூட்டல் மட்டும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பவர்கள் வாக்கியத்தைப் பெயர்க்கும் முன் பூவை ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். ஆப்பிளில் தன் பூந்தாதே விழுந்தால் குழாய் பெரும்பாலும் சூல்தண்டிலேயே நின்றுவிடும், அதனால் காய் பிடிக்க வேறு இரகத்தின் தாது வேண்டும். இதை இவர்கள் சொற்களில் எழுதினால் "தன்கருவூட்டல் நடந்தும் கருவுறவில்லை" என்று வரும். படிக்கிறவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்?